பஸ்திக்குப் போகுமுன்

ஹைதராபாத்தில் கல்லூரி ஆசிரியராக இருக்கும் ஒவ்வொருவருக்கும் சொல்கிறேன். இந்தப் பருவத்துச் சமூகப் பணிப் பாடத்துக்காக மாணவர்களைப் பேருந்தில் ஏற்றி, ஆளுக்கொரு கட்டு கேள்வித்தாளைக் கையில் கொடுத்து, மூசி ஆற்றங்கரையில் ஏழைகள் குடியிருக்கும் பஸ்திக்கு அனுப்ப நாள் குறித்திருந்தால் அந்த நாளைத் தள்ளிப் போடுங்கள். மாணவர்கள் போகக் கூடாது என்பதல்ல என் கட்சி. கட்டாயம் போக வேண்டும். ஆனால் இப்போது போகிற விதத்தில் போவதைவிட வகுப்பிலேயே உட்கார்ந்திருக்கலாம். யாருக்கும் கெடுதல் இல்லை.

இவ்வளவு அவசரப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. இதுவரை மனம் வந்தவர்கள் மட்டும் செய்த வேலை இப்போது எல்லாருக்கும் பாடமாகிக்கொண்டிருக்கிறது. சமூகத்தோடு சேர்ந்து செய்யும் பணிக்குக் கிரெடிட் தர வேண்டும் என்று 2020-இன் தேசியக் கல்விக் கொள்கை சொன்னது. பல்கலைக்கழக மானியக் குழு அதற்கு 2 கிரெடிட் பாடமே வகுத்து, 2022-இல் வழிகாட்டு நெறிகளையும் வெளியிட்டது. அதற்கு முன்பே, 2014-இல் தொடங்கிய உன்னத் பாரத் அபியான் என்ற மத்திய அரசுத் திட்டத்தில் சேர்ந்த கல்லூரிகள் கிராமங்களைத் தத்தெடுத்துவிட்டன. பக்கத்து ஆந்திரத்தில் பட்டப்படிப்பு மாணவர்களுக்குச் சமூகப் பணித் திட்டம் கட்டாயமாகவே வந்துவிட்டது. கிராமக் கல்விக்கான மகாத்மா காந்தி தேசியக் கவுன்சில் இருப்பது ஹைதராபாத்தில். தேசிய ஊரக வளர்ச்சி நிறுவனம் இருப்பது ராஜேந்திரநகரில். வழி காட்ட ஆளில்லை என்று இந்த ஊர் சாக்குச் சொல்ல முடியாது.

பாடத்திட்டத்தில் ஒன்று ஏறிவிட்டால் அதற்கு என்ன கதி நேரும் என்று நமக்குத் தெரியும். ரெக்கார்டு நோட்டு வரும், ஹெச்.ஓ.டி. கையெழுத்து வரும், சீனியரிடம் வாங்கி எழுதும் பழைய அறிக்கை வரும், வைவாவுக்கு முந்தின நாள் ஸ்பைரல் பைண்டிங் கடையில் கூட்டம் வரும். மற்றப் பாடங்களில் இப்படி ஏமாற்றினால் நட்டம் மாணவனோடு போய்விடும். இந்தப் பாடத்தில் நட்டப்படுவது அந்தப் பரீட்சைக்குப் பெயரே கொடுக்காத ஒரு குடும்பம்.

அந்தக் குடும்பத்தின் வாசலில் நின்று யோசியுங்கள். 2014 ஆகஸ்டு 19 அன்று தெலங்கானா முழுக்க ஒரே நாளில் வீட்டுக் கணக்கெடுப்பு நடந்தது. விட்டுப்போனால் சலுகைகள் போய்விடுமோ என்று பயந்து ஜனங்கள் பேருந்துக் கூரையேறி ஊர் திரும்பினார்கள். 2024 நவம்பரில் சாதிக் கணக்கெடுப்புக்கு மறுபடி வந்து கதவைத் தட்டினார்கள். இரண்டுக்கும் நடுவில் வாக்காளர் பட்டியல், ரேஷன், தண்ணீர் இணைப்பு, கட்சிக்காரர்கள், தொண்டு நிறுவனங்கள். மூசிக் கரையில் இன்னொன்றும் நடந்தது. ஆற்றை அழகாக்கும் திட்டத்துக்காக 2024 செப்டம்பரில் வருவாய்த் துறையினர் வந்து, வீட்டுச் சுவர்களில் ‘ஆர்.பி.எக்ஸ்’ என்று சிவப்பில் குறி போட்டுவிட்டுப் போனார்கள். ஆற்றின் படுகைக்குள் இருக்கும் வீடு, இடிக்கப்படும் என்று அதற்குப் பொருள். அந்தச் சுவருக்குப் பக்கத்தில் நின்று, அடையாள அட்டை தொங்கும் ஒரு பிள்ளை ‘வீடு சொந்தமா, வாடகையா? பத்திரம் இருக்கிறதா?’ என்று கேட்டால் அந்த வீட்டு அம்மா என்னவென்று எடுத்துக்கொள்வாள்? கல்லூரிப் பிள்ளை என்று நம்பிப் பதில் சொல்வாள். அல்லது அதிகாரியின் ஆள் என்று பயந்து சொல்வாள். பயந்து சொன்ன பதிலை வாங்கி மதிப்பெண் போடுவதற்கு வேறு பெயர் உண்டு. அதை நான் எழுத வேண்டியதில்லை.

ஆகவே முதல் கடமை அனுமதி. பஸ்தித் தலைவரிடமோ கார்ப்பரேட்டரிடமோ பெற்ற அனுமதி வீட்டுக்காரியின் அனுமதி ஆகாது. இதில் இந்த மண் பட்ட பாடு கொஞ்சமல்ல. 2009-இல் அப்போதைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில், கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. ஊசியைப் பத்திலிருந்து பதினான்கு வயது வரையிலான பெண் குழந்தைகளுக்குப் போட்டுப் பார்க்கும் திட்டம் ஒன்று நடந்தது. விடுதியில் தங்கிப் படித்த பழங்குடிக் குழந்தைகள் பலருக்காக ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டவர்கள் பெற்றோர் அல்லர், விடுதிக் காப்பாளர்கள். எதிர்ப்புக் கிளம்பி 2010-இல் திட்டம் நின்றது. 2013-இல் நாடாளுமன்றக் குழு கடுமையாகக் கண்டித்து அறிக்கை தந்தது. கேள்வித்தாளும் ஊசியும் ஒன்றல்ல என்று எனக்கும் தெரியும். ஆனால் ‘பெரியவர் ஒருவர் சரி என்றுவிட்டார், இனி எல்லாரையும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம்’ என்கிற மனம் இரண்டிலும் ஒன்றுதான். மாட்டேன் என்று சொல்லிக் கதவைச் சாத்தும் உரிமை அந்த அம்மாவுக்கு உண்டு என்பதை, வாசலில் நின்று அவள் மொழியில் முதல் வாக்கியமாகச் சொல்ல உங்கள் மாணவனுக்குத் தெரியாவிட்டால் அவனை அனுப்பாதீர்கள்.

மாணவர்களைக் கட்டாயமாகச் சமூகப் பணிக்கு அனுப்பும் யோசனை ஒன்றும் புதியதல்ல. 1959-இல் மத்திய அரசு சி.டி. தேஷ்முக் தலைமையில் ஒரு குழு போட்டது. பள்ளி முடித்துக் கல்லூரிக்குள் நுழையும் எல்லாரும் ஒன்பது மாதம் முதல் ஓராண்டு வரை கட்டாயமாகத் தேசப் பணி செய்ய வேண்டும் என்று அந்தக் குழு சொன்னது. பணமில்லை, நடத்துவதும் கடினம் என்று அது நின்றுபோனது. (தேஷ்முக் கடைசிக் காலத்தில் வாழ்ந்து மறைந்தது ஹைதராபாத்தில்தான். அவருடைய மனைவி துர்காபாய் சென்னையில் தொடங்கிய ஆந்திர மகிளா சபை இங்கே பள்ளியும் கல்லூரியும் மருத்துவமனையுமாக வளர்ந்தது. கணவரின் அறிக்கை கோப்பில் தூங்கியது, மனைவியின் சபை ஊரில் வேலை செய்தது. இதற்குமேல் நான் என்ன சொல்ல?) கட்டாயம் போய், விருப்பம் வந்தது. 1969 செப்டம்பர் 24 அன்று, காஞ்சிபுரத்தில் பிறந்த வி.கே.ஆர்.வி. ராவ் கல்வி அமைச்சராக இருந்தபோது, 37 பல்கலைக்கழகங்களில் நாட்டு நலப்பணித் திட்டம் (என்.எஸ்.எஸ்.) தொடங்கியது. இரண்டு ஆண்டில் 240 மணி நேரம், ஏழு நாள் சிறப்பு முகாம். நம்மில் பலர் அந்த முகாமில் பள்ளிச் சுவருக்கு வெள்ளையடித்திருக்கிறோம், கன்று நட்டிருக்கிறோம். அடுத்த மே மாதம் அந்தக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றியது யார் என்று கேட்டால் பதில் இருக்காது.

என்.எஸ்.எஸ்.ஸைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அதில் சேர்ந்து மனிதரானவர்கள் ஏராளம். அதன் குறை, படிப்புக்கும் பணிக்கும் தொடர்பே இல்லாமல் போனதுதான். ஹைதராபாத்துக்குக் கிழக்கே நல்கொண்டா. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்து, அதைக் குடித்தே பல் கறுத்து, எலும்பு வளைந்து, முதுகு நிமிராமல் போன தலைமுறைகள் அங்கே உண்டு. அந்தக் கிராமங்களுக்கு முகாம் போன வேதியியல் மாணவன் கையில் மண்வெட்டிதான் இருந்தது. அவன் படித்த வேதியியல் விடுதியிலேயே தங்கிவிட்டது. தார்நாக்காவில் உஸ்மானியா பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்திலேயே தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இருக்கிறது. 1918-இல் நம் குன்னூரில் பிறந்து, 1958-இல் இங்கே இடம் மாறிய நிறுவனம் அது. ஃபுளோரைடு நோய் பற்றி அங்கே பல்லாண்டு ஆராய்ந்திருக்கிறார்கள். எந்த ஆழ்குழாய்க் கிணற்று நீரைக் குடிக்கலாம், எது கூடாது என்று வீட்டுக்கு வீடு அளந்து, கிணற்று மேடையில் எழுதி, ஆறு மாதம் கழித்துத் திரும்ப வந்து அளப்பது ஒரு வேதியியல் மாணவன் செய்யக்கூடிய வேலை. அதற்கு 2 கிரெடிட் போதாது, நான்கு கொடுக்கலாம்.

ஊருக்குள்ளேயே பாருங்கள். 1908 செப்டம்பர் 28 அன்று மூசி பெருகி ஆயிரக்கணக்கானோர் மாண்ட பிறகு பொறியாளர் விஸ்வேஸ்வரய்யா அழைக்கப்பட்டார். 1920-இல் உஸ்மான் சாகர், 1927-இல் ஹிமாயத் சாகர் என்று இரண்டு நீர்த்தேக்கங்கள் எழுந்தன. நூறாண்டு கழித்து 2020 அக்டோபரில் பெய்த மழையில் ஆற்றைவிட அதிகமாக அழித்தவை ஆக்கிரமித்த ஏரிகளும் அடைபட்ட நாலாக்கள் என்னும் வடிகால்களும்தான். அந்த ஆண்டும் இந்த ஊரின் சிவில் பொறியியல் துறைகளில் நீரியல் பாடம் நடந்தது. எந்த ஊரிலோ ஓடும் ஆற்றின் கணக்கை மாணவர்கள் போட்டார்கள். தன் கல்லூரிக்குப் பின்னால் ஓடும் நாலா எங்கே தொடங்கி எங்கே குறுகுகிறது, எந்தத் தெருவுக்கு எத்தனை நேரத்தில் தண்ணீர் வரும் என்ற கணக்கை அதே வகுப்பில் போட்டால் பாடமும் நடக்கும், தெருக்காரர்களுக்கும் பயன்படும். அந்தத் தெருவில் முப்பது வருடம் குடியிருப்பவர் ‘சார், தண்ணீர் இந்தப் பக்கம் வராது, அந்தப் பக்கமாகத்தான் வரும்’ என்று உங்கள் வரைபடத்தைத் திருத்துவார். அந்த இடத்தில்தான் உங்கள் மாணவன் நீரியல் கற்கிறான்.

யார் கற்பிக்கிறார்கள், யார் கற்கிறார்கள் என்பதில்தான் நாம் பெரிதும் சறுக்குகிறோம். இதற்கு ஹைதராபாத்துக்குப் பக்கத்திலேயே ஒரு நல்ல வரலாறு இருக்கிறது.

மும்பை நெடுஞ்சாலையில் நூறு கிலோமீட்டருக்கு அப்பால் ஜஹீராபாத். அதைச் சுற்றியுள்ள கிராமங்களில் தலித் பெண்கள் சங்கங்கள் அமைத்து, டெக்கான் டெவலப்மென்ட் சொசைட்டி என்ற தொண்டு நிறுவனத்தோடு சேர்ந்து சிறுதானியமும் விதையும் காத்துவந்தார்கள். தங்கள் விவசாயத்தைப் பற்றித் தங்கள் பேச்சில் ஒலிபரப்ப வேண்டும் என்று கேட்டார்கள். யுனெஸ்கோ உதவியோடு 1990-களின் இறுதியிலேயே அங்குள்ள மாச்சனூர் கிராமத்தில் ஒலிப்பதிவு நிலையம் தயாராகிவிட்டது. உரிமம்தான் வரவில்லை. அலைவரிசை பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-இலேயே சொல்லியிருந்தும், 2002-இல் சமூக வானொலிக்கு அனுமதி அளித்தபோது அரசு அதைக் கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் கொடுத்தது. அப்படித்தான் 2004-இல் நம் அண்ணா பல்கலைக்கழகத்தின் வானொலி நாட்டிலேயே முதலாவதாக ஒலித்தது. நமக்குப் பெருமைதான். ஆனால் வளாகத்தை நம்பிய அரசு வயலை நம்பவில்லை என்பதும் அதே செய்தியில் இருக்கிறது. மாச்சனூர்ப் பெண்கள் சும்மா உட்காரவில்லை. ஒலிபரப்ப வழியில்லாமல் நிகழ்ச்சிகளைப் பதிவு செய்து, ஒலிநாடாக்களைச் சங்கக் கூட்டங்களில் போட்டுக் கேட்டுக்கொண்டே ஆண்டுகளைக் கழித்தார்கள். 2006-இல் கொள்கை மாறியது. 2008 அக்டோபர் 15 அன்று சங்கம் ரேடியோ ஒலிபரப்பத் தொடங்கியது. அதைத் தொடங்கிவைத்தவர் 1995 தீர்ப்பை எழுதிய நீதிபதி பி.பி. சாவந்த்.

ஹைதராபாத் பல்கலைக்கழகத்தின் தொடர்பியல் துறை இந்தக் கதையின் ஓரத்தில் நின்றது. ஓரத்தில் நின்றதுதான் அதன் பெருமை. பேராசிரியர்கள் வினோத் பவராலாவும் கஞ்சன் மாலிக்கும் நாட்டின் சமூக வானொலி முயற்சிகளைக் கூர்ந்து கவனித்து 2007-இல் ஒரு நூல் எழுதினார்கள். 2011-இல் சமூக ஊடகத்துக்கான யுனெஸ்கோ இருக்கை அந்தத் துறைக்கு வந்தது. அதே காலத்தில் வளாகத்திலிருந்து ‘போல் ஹைதராபாத்’ என்று 90.4-இல் வானொலியும் தொடங்கியது. பாடம் எங்கிருந்து எங்கே போயிற்று என்று பாருங்கள். படிக்காதவர்கள் என்று நாம் சொல்லும் பெண்கள் ஒலிவாங்கியைக் கையில் எடுத்தார்கள். பல்கலைக்கழகம் அதைப் பார்த்துக் கற்றது. கற்றதைச் சட்டமும் கொள்கையும் பேசும் இடங்களில் எடுத்துவைத்தது. யாரும் யாரையும் தத்தெடுக்கவில்லை.

இதற்கு நேர்மாறாக நடக்கும் காட்சிகளைத் தினமும் பார்க்கிறோம். கையுறை போட்டுக்கொண்டு குப்பை பொறுக்கும் படம், குழந்தைக்கு பிஸ்கட் பொட்டலம் கொடுக்கும் படம், பின்னால் பேனர். மாணவர்களே, இது உங்களுக்கு. கேட்காமல் ஒருவருடைய குழந்தையைப் படமெடுக்காதீர்கள். கேட்டு எடுத்தாலும் உங்கள் பக்கத்தில் போடாதீர்கள். உங்கள் தங்கையின் படத்தை முகம் தெரியாத ஒருவர் ‘வறுமையின் முகம்’ என்று போட்டால் சும்மா இருப்பீர்களா?

உங்களில் சிலருக்கு இந்தக் கேள்வியே வலிக்கும் என்பதும் தெரியும். ஏனென்றால் ஹைதராபாத்தின் அரசுக் கல்லூரிகளில் படிப்பவர்களில் பலர் அந்த பஸ்திகளிலிருந்தும் நல்கொண்டா, மஹபூப்நகர்க் கிராமங்களிலிருந்தும் வந்தவர்கள்; குடும்பத்தில் முதல் பட்டதாரிகள். பாடத்திட்டம் எழுதியவர் மனத்தில் இருந்த மாணவன் காரில் வந்து இறங்கி வறுமையைப் பார்த்து மனம் இளகுகிறவன். தான் வளர்ந்த தெருவுக்கே ‘களப்பயணம்’ அனுப்பப்படும் மாணவியை அவர் நினைத்துப் பார்க்கவில்லை. ஆசிரியர்களே, அவளை இருபது பேரோடு வரிசையில் நிறுத்தாதீர்கள். வகுப்பில் அந்தத் தெருவை அறிந்தவள் அவள் ஒருத்திதான். அவள் ஒப்புக்கொண்டால் பாடத்தை அவளோடு சேர்ந்து வகுங்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால் வற்புறுத்தாதீர்கள்; தன் வீட்டைச் சகமாணவர்களுக்குக் காட்டும் கடமை அவளுக்கு இல்லை.

அடுத்தது மொழி. 1918-இல் உஸ்மானியா பல்கலைக்கழகம் தொடங்கியபோது உருதுவே பயிற்று மொழி. மருத்துவமும் பொறியியலும் உருதுவில் கற்பிப்பதற்காக ஒரு மொழிபெயர்ப்புக் கூடமே நடத்தினார்கள். அங்கே தெலுங்குக்கு இடமில்லாமல் போனது அநியாயம்தான். இருந்தாலும் அறிவு நம் மொழிகளில் ஒன்றிலாவது பேச வேண்டும் என்று நினைத்த ஊர் இது. அந்த ஊரில் இன்று பழைய நகரத்து ஃபலக்னுமா குடும்பங்களிடம் கேட்டதை ஆங்கிலத்தில் எழுதி, ஆங்கிலத்திலேயே கோப்பில் வைக்கிறோம். 1968-இல் மெக்சிகோவில் அமெரிக்க மாணவத் தொண்டர்கள் கூட்டத்தில் பேசிய சிந்தனையாளர் இவான் இல்லிச், உதவி செய்ய வராதீர்கள் என்று முகத்துக்கு நேரே சொன்னார். மொழி தெரியாமல் வருகிறவருக்கு, ஜனங்கள் தன்னைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பதுகூடப் புரியாது என்றார். கொஞ்சம் கடுமைதான், ஆனால் சொன்னது சரி. தமிழ்நாட்டிலிருந்து இங்கே படிக்க வந்திருக்கும் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். தெலுங்கோ, இந்த ஊர் உருதுவான தக்னியோ நான்கு வாக்கியம் பேசக் கற்காமல் பஸ்திக்குள் கால் வைக்காதீர்கள். செகந்திராபாத்தில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களில் ஒன்றைக் கேளுங்கள், ஒரு வாரத்தில் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள்.

மாணவர் மாறுவார், நிறுவனம் மாறக் கூடாது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைப் பார்த்துவிட்டு வாருங்கள். அங்கே மாணவர்கள் படிப்பின் தொடக்கத்திலேயே கிராமத்தில் தங்கி, வீடு வீடாகப் போய், நோய் என்பது சாதியிலும் கூலியிலும் கிணற்றிலும் இருப்பதைப் பார்க்கிறார்கள். அவர்கள் கிளம்பிய பிறகும் கல்லூரியின் சமூகச் சுகாதாரத் துறை கணியம்பாடி ஒன்றியத்தில் வருடம் முழுக்க மருத்துவம் பார்க்கிறது. பல பதிற்றாண்டுகளாகப் பார்க்கிறது. அதனால்தான் மாணவன் கேள்வி கேட்டால் கிராமம் பதில் சொல்கிறது. வேளாண் கல்லூரிகளில் இறுதியாண்டு மாணவர்கள் கிராமத்தில் ஒரு விவசாயியோடு இணைந்து பருவம் முழுக்க வேலை கற்கிறார்களே, அங்கும் அப்படித்தான், நடத்துகிற ஆசிரியர் அக்கறையுள்ளவராக இருந்தால். உங்கள் கல்லூரி பத்து பஸ்திகளுக்குப் போக வேண்டாம். ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பத்து வருடம் போகட்டும். சட்டத் துறையும் வணிகவியலும் சிவிலும் அதே பஸ்திக்கே போகட்டும். 2018 முதல் இயங்கும் பஸ்தி தவாகானா என்ற அரசுச் சிறு மருத்துவமனையின் மருத்துவருக்கும் அங்கன்வாடி ஆசிரியைக்கும் உங்கள் துறைத் தலைவரின் தொலைபேசி எண் தெரிந்திருக்கட்டும்.

மதிப்பெண் போடுவதிலும் மாற்றம் வேண்டும். வைவா மேசைக்கு அந்தப் பக்கம் பஸ்தியிலிருந்து இருவர் உட்காரட்டும். அவர்களுக்கு வெளித்தேர்வாளருக்குரிய படியைக் கல்லூரி கொடுக்கட்டும். நிதிப் பிரிவு முகம் சுளிக்கும். சுளிக்கட்டும்.

கிரெடிட்டே இல்லாமலும் இந்த ஊரில் நல்ல வேலை நடந்திருக்கிறது. கச்சிபவுலியில் ஹைதராபாத் பல்கலைக்கழகத்தை ஒட்டிய 400 ஏக்கர் காட்டை அழிக்க 2025 மார்ச்சில் இயந்திரங்கள் வந்தபோது, அது வெறும் புதர் அல்ல என்று சொல்ல மாணவர்களிடம் பேச்சு மட்டுமல்ல, அங்குள்ள பறவைகளையும் செடிகளையும் பற்றிச் சேர்த்துவைத்த பதிவுகளும் இருந்தன. ஏப்ரல் 3 அன்று உச்ச நீதிமன்றம் வேலையை நிறுத்தியது. அந்தப் பதிவுகளுக்கு எந்தப் பருவத்திலும் யாரும் மதிப்பெண் போட்டிருக்க மாட்டார்கள்.

கடைசியாக, உடனே செய்ய வேண்டிய ஒன்று. உங்கள் துறை அலமாரியில் பழைய அறிக்கைகள் அடுக்கியிருக்கின்றன: மூசிக் கரையில் கேட்டவை, பழைய நகரத்தில் கேட்டவை, ஷமீர்பேட்டை வழியில் இருக்கும் ஊர்களில் கேட்டவை. புதிதாக ஒரு கதவைத் தட்டுவதற்கு முன்னால் அவற்றை வெளியே எடுங்கள். ஒவ்வொன்றையும் தெலுங்கில் நான்கு பக்கம், உருதுவில் நான்கு பக்கமாகச் சுருக்கி, பெயர்களையும் வீட்டு எண்களையும் நீக்கி, பெரிய எழுத்தில் அச்சிட்டு, பதில் சொன்ன வீடுகளுக்கே இந்தப் பருவத்து மாணவர்கள் கொண்டுபோகட்டும். படிக்கத் தெரியாதவர்களுக்கு உட்கார்ந்து வாசித்துக் காட்டட்டும். ‘நான் இப்படிச் சொல்லவே இல்லையே’ என்று யாராவது சொன்னால் அங்கேயே திருத்தி எழுதட்டும். இந்தப் பருவத்தின் 2 கிரெடிட்டையும் அந்தத் திருத்தத்துக்குக் கொடுங்கள்.